பார்வைக் குறைபாடுடைய குழந்தைகளுக்கான சிறப்புக் கல்விச் சேவைகள்: ஆயக்குடியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

பார்வைக் குறைபாடுடைய குழந்தைகளின் கல்வி பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரு வகையாக அமைகின்றன. ஒன்று, அரசுத் திட்டங்களின் விவரத் தொகுப்பு. மற்றொன்று, தடைகளைத் தாண்டி உயர்ந்த ஒருவரின் வரலாறு. இரண்டும் வேண்டியவையே. ஆயினும், ஒரு குழந்தைக்கு எந்த வயதில், எந்த வரிசையில், யாரால், எது கற்பிக்கப்பட வேண்டும் என்ற கேள்விக்கு இவ்விரண்டிலும் விடை கிடைப்பதில்லை. அக்கேள்வியை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கேள்வியை அந்தரத்தில் நிறுத்தி ஆராய்ந்தால் பொதுச் சொற்களே மிஞ்சும். ஆகவே ஓர் ஊரை வரித்துக்கொண்டோம். ஆயக்குடி, திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில், பழனிக்குக் கிழக்கே திண்டுக்கல் சாலையில் அமைந்த பேரூராட்சி, கொய்யாவுக்குப் பேர்போனது. (தென்காசி மாவட்டத்து ஆய்க்குடி வேறு. 1981 முதல் அங்கு இயங்கிவரும் அமர் சேவா சங்கத்தால் மறுவாழ்வுத் துறையினர் அவ்வூரையே மிகுதியும் அறிவர். இரண்டையும் ஒன்றாகக் கொள்வோரும் உண்டு.) பெரிய கண் மருத்துவமனைகளும் பார்வையற்றோருக்கான பெயர்பெற்ற நிறுவனங்களும் உள்ள மதுரையும் கோவையும் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவிலான தொலைவில் இருக்கின்றன. நகரத்தின் வசதி இல்லை. மலைக்கிராமத்தின் தனிமையும் இல்லை. தமிழ்நாட்டுக் குழந்தைகளில் பெரும் பகுதியினர் இத்தகைய ஊர்களிலேயே வளர்கின்றனர் என்பதே இத்தேர்வுக்குக் காரணம். கீழே ‘ஆயக்குடிக் குழந்தை’ என்று நாம் சொல்வது குறிப்பிட்ட ஒருவரை அன்று. அவ்வூரில் பிறந்து வளரக்கூடிய எந்தக் குழந்தையையும்.

நாம் நிறுவ முயல்வது இது: சேவைகள் அனைத்தும் தொங்கும் அச்சு, குழந்தையின் வாசிப்பு ஊடகம் எது என்னும் முடிவு. அம்முடிவு காலத்தில் எடுக்கப்படாவிடில் உதவித்தொகை, அட்டை, கருவி, சலுகை ஆகிய யாவும் வந்து சேர்ந்தும் கல்வி வந்து சேராது.

2. வரையறை: சட்டத்தின் அளவும் கல்வியின் அளவும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பார்வைக் குறைபாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. பார்வையின்மை என்பது, இயன்ற அளவு சரிசெய்த பின்னும் நல்ல கண்ணின் பார்வைக்கூர்மை 3/60-க்குக் கீழ் இருப்பது, அல்லது பார்வைப்புலம் 10 பாகைக்கும் குறுகியிருப்பது, அல்லது பார்வை அறவே இல்லாதிருப்பது. குறைபார்வை என்பது, கூர்மை 6/18-க்குக் குறைந்து 3/60 வரை இருப்பது, அல்லது புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை இருப்பது. 3/60 என்பதன் பொருள் எளிது: இயல்பான கண் 60 மீட்டர் தொலைவில் காணும் எழுத்தை இக்கண் 3 மீட்டருக்கு நெருங்கினால்தான் காணும்.

இவ்வெல்லைகள் மனிதர் இட்டவை, எனவே நகர்பவை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையின்மையின் எல்லையை 6/60-இல் வைத்திருந்தது. 4/60 கூர்மையுள்ள குழந்தை பழைய சட்டத்தில் பார்வையற்றது. புதிய சட்டத்தில் குறைபார்வையுடையது. அதன் கண்ணில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. சான்றிதழின் விழுக்காட்டைக் கொண்டே கற்பிக்கும் முறையைத் தீர்மானிப்பது எவ்வளவு பலவீனமான அடிப்படை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. விழுக்காட்டுக்கு ஒரு வேலை உண்டு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளோர் உரிமைகளுக்கும் உதவிகளுக்கும் தகுதி பெறுகின்றனர். 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலும் உரிமையை 31ஆம் பிரிவு அவர்களுக்குத் தருகிறது. அந்த வேலையோடு அது நின்றுகொள்ள வேண்டும்.

கல்விக்கு வேண்டிய வகைப்பாடு வேறு. நாம் மூன்று வகை கொள்கிறோம். விரல் நுனியால் பிரெய்ல் எழுத்தை உணர்ந்து வாசிப்பதை முதன்மையாகக் கொள்ளும் குழந்தை தொடுவாசகர். எஞ்சியுள்ள பார்வையைக் கொண்டு, வேண்டுமிடத்துப் பெருக்காடியின் துணையோடு, அச்செழுத்தை வாசிக்கும் குழந்தை எஞ்சுபார்வை வாசகர். அச்சும் பிரெய்லும் இரண்டும் தேவைப்படும் குழந்தை, குறிப்பாக நோய் முற்ற முற்றப் பார்வை குறைந்துகொண்டே போகும் குழந்தை, இருவழி வாசகர். செவிவழிக் கற்றல் மூவருக்கும் பொது. எனவே அதைத் தனி வகையாக நாம் கொள்ளவில்லை. அதற்கான காரணத்தை 6ஆம் பகுதியில் விரித்துரைப்போம்.

3. காரணங்கள்: ஆசிரியருக்கு வேண்டிய அளவில்

நோய்க் காரணத்தை ஆராய்வது மருத்துவரின் பணி. ஆயினும் ஆசிரியருக்கு அதில் மூன்று செய்திகள் தேவை: பார்வை எந்த வயதில் போயிற்று, எஞ்சியது எத்தகையது, அது நிலைத்து நிற்குமா குறையுமா.

ஒரு தலைமுறைக்கு முன் வைட்டமின் ஏ குறைவே இப்பகுதியின் பெருங்கவலை. மாலைக்கண்ணில் தொடங்கி, கருவிழி வறண்டு புண்ணாகி, வெண்தழும்பில் முடியும். 1970இல் நாடு தழுவிய தடுப்புத் திட்டம் வந்தது. தட்டம்மைத் தடுப்பூசியும் உணவும் சேர்ந்து அக்குறைவைப் பெரிதும் பின்தள்ளின. பிறவிக் கண்புரை, ருபெல்லா, விழித்திரைப் புற்று ஆகியன இன்றும் உள்ளன. புகைப்படத்தில் கண்ணின் பாவை வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வோர் அங்கன்வாடிப் பணியாளரும் அறிந்திருத்தல் நலம். அங்கே கேள்வி பார்வையைப் பற்றியது மட்டுமன்று, உயிரைப் பற்றியது.

புதிதாக வளர்ந்துள்ள காரணம், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். குறைமாதக் குழந்தைகள் பிழைப்பது பெருகியதன் மறுபக்கம் இது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்திய நெறிமுறை. நாள் தவறினால் மீட்க வழியில்லாமல் போகலாம். பேறுகாலம் முடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நகரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டிய கட்டம் அது. பரிசோதனை தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

பரம்பரைக் காரணங்களைச் சொல்லத் தயங்குவோர் உண்டு. அக்காள் மகளை மணப்பதும், மாமன் மகள், அத்தை மகன் முறையில் கொள்வினை கொடுப்பினை செய்வதும் தென்தமிழகத்தில் வழக்கம். தாய் தந்தை இருவரும் ஒரே குறைமரபணுவைச் சுமக்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது. விழித்திரை நிறமி நோயும் பிறவி விழித்திரைச் சிதைவுகளும் வெண்தோல் நிலையும் இவ்வழியில் வருபவற்றுள் அடங்கும். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை பெறலாம் என்பதும், ஒரே வீட்டில் இரு குழந்தைகள் இருந்தால் சேவையை வீட்டை அலகாகக் கொண்டு திட்டமிடலாம் என்பதும் இதன் பயன்கள்.

காரணம் வகுப்பறையில் எப்படித் தெரியும்? வெண்தோல் குழந்தைக்கு வெளிச்சம் பகை. சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், வெளியில் தொப்பி வேண்டும். நிறமி நோயுள்ள குழந்தைக்கு வெளிச்சம் துணை. ஆனால் அது குழல் வழியே பார்ப்பதுபோல் நடுப்பகுதியை மட்டும் காணும். கரும்பலகையின் சிற்றெழுத்தை வாசித்துவிட்டு, காலடியில் கிடக்கும் பையில் இடறி விழும். இதைக் கண்ட ஆசிரியர் ‘நடிக்கிறான்’ என்று முடிவுகட்டுவது அரிதன்று. நோயின் பெயரைச் சான்றிதழில் எழுதும் மருத்துவர், அதன் வகுப்பறைப் பொருளையும் இரண்டு வரி எழுதித் தந்தால் இந்த அநீதி நேராது.

4. சேவையின் வடிவங்கள்

முதல் வடிவம் உறைவிடச் சிறப்புப் பள்ளி. இந்தியாவில் இதன் தொடக்கம் 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் நிறுவிய பள்ளி. தமிழகத்தில் 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி. பின்னர் பூவிருந்தவல்லி, தஞ்சாவூர், திருச்சி முதலிய இடங்களில் அரசுப் பள்ளிகள் எழுந்தன. மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தைத் தொடங்கிய எஸ்.எம்.ஏ. ஜின்னா தாமே பார்வையற்றவர்.

இரண்டாம் வடிவம் ஒருங்கிணைந்த கல்வி. 1974இல் நடுவணரசின் திட்டமாக வந்தது. குழந்தை பொதுப் பள்ளியில் படிக்கும். சிறப்புப் பயிற்சி பெற்ற வள ஆசிரியர் அங்கேயே இருந்தோ, பள்ளிக்குப் பள்ளி சென்றோ துணைநிற்பார். இதற்கான ஆசிரியர்களை உருவாக்குவதில் கோவை பெரியநாயக்கன்பாளையம் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் பங்கு பெரிது. மூன்றாம் வடிவம் உள்ளடங்கிய கல்வி: குழந்தை பள்ளிக்கேற்ப மாறுவதை விடுத்து, பள்ளி குழந்தைக்கேற்ப மாறுவது. 2001 முதல் அனைவருக்கும் கல்வி இயக்கம், 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டம் இதன் ஊர்திகள். வட்டார வள மையமும் சிறப்புப் பயிற்றுநரும் மருத்துவ மதிப்பீட்டு முகாமும் இல்லம் சார்ந்த பயிற்சியும் இவ்வழியே வந்தவை.

இவ்வடிவங்களை வளர்ச்சிப் படிகளாகக் காட்டி, உறைவிடப் பள்ளியைப் பழமை என ஒதுக்குவது இப்போதைய எழுத்துகளில் மிகுதி. அதை நாம் ஏற்பதில்லை. ஏழு வயது வரை ஒரு புள்ளியையும் தொடாமல் வளர்ந்த ஆயக்குடிக் குழந்தைக்கு, பிரெய்லை அன்றாடம் கற்பிக்கும் ஓர் இடம் உள்ளூரில் அமையாத வரை, நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள விடுதியே அதன் கல்வி. தாயைப் பிரிதல் அதன் விலை. அந்த விலையைக் கொடுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. அருகமைப் பள்ளியில் சேர்த்து, கடைசி வரிசையில் உட்காரவைத்து, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதும் அதே விலையைத் தாயிடம் கேட்காமலே வாங்கிக்கொள்வதுதான்.

5. முதல் நிலை: கை விழித்தல்

எழுத்துக்கு முன் கை. பார்வையுள்ள சிசு பொருளைக் கண்டு கை நீட்டுகிறது. காணாத சிசுவுக்குக் கை நீட்ட ஏதுவில்லை. ஒலி வரும் இடத்தில் ஒரு பொருள் உண்டு என்னும் அறிவு அதற்குத் தாமதமாகவே வரும். ஆகையால் முதல் ஆண்டிலேயே ஒலிக்கும் பொருளைக் கையில் தந்து, விலக்கி, மீண்டும் தேடவைக்கும் பயிற்சி வேண்டும். இதைக் கைவிழிப்பு என்கிறோம்: தான் தொடாத வெளியிலும் பொருள் உண்டு என அறிந்து, கை அதைத் தேடிச் செல்லத் தொடங்கும் நிலை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. குழந்தை அங்கே பரிசோதிக்கப்படலாம். ஆனால் கைவிழிப்பை மாதம் ஒரு முறை மையத்துக்குச் சென்று பெற முடியாது. தாயும் பாட்டியுமே முதல் சிறப்பாசிரியர். அவர்களுக்கு வழிகாட்டுவதே இந்நிலையின் சேவை.

அடுத்தது கருத்துருவாக்கம். பார்வையின்மை அனுபவத்தின் அளவையும் வகையையும், நடமாட்டத்தையும், சூழலின் மீதான ஆளுகையையும் குறுக்குகிறது என்று பெர்த்தோல்டு லோவன்ஃபெல்டு வகுத்துரைத்தார். கண் முழுமையிலிருந்து உறுப்புக்குச் செல்லும். கை உறுப்புகளைக் கூட்டி முழுமையை அடையும். மிகப் பெரியது, மிகத் தொலைவிலுள்ளது, மிக நொய்தானது, தொட்டால் தீங்கு செய்வது ஆகியன கைக்கு எட்டா.

இவ்விடத்தில் ஆயக்குடிக்கு ஒரு பேறு வாய்த்திருக்கிறது. தென்னை ஊரில் வளரும் குழந்தைக்கு மரம் என்பது ஒரு தூண். கைக்கு எட்டுவது அவ்வளவே. கொய்யா தாழக் கிளைப்பது. நான்கு வயதுக் குழந்தை அதன் அடிமரத்தைக் கட்டிப் பிடித்து, உரியும் பட்டையின் வழவழப்பைத் தடவி, கிளை பிரியும் இடத்தை உணர்ந்து, இலையின் அடிப்புறத்தில் எடுப்பாக ஓடும் நரம்பைத் தேய்த்து, பூ, பிஞ்சு, காய், பழம் என்னும் வரிசையை ஒரே கிளையில் தொட்டறியலாம். ஒரு மரத்தை முழுதாக அறிந்த குழந்தைக்கே ‘தென்னை இதைவிட உயரம், கிளை இல்லை’ என்ற வாக்கியம் பொருள்படும். பாடநூலின் ‘மரத்தின் பாகங்கள்’ படத்தைப் புடைப்போவியமாக மாற்றித் தருவது இதற்கு ஈடாகாது. மரத்தைத் தொட்ட பின்னரே புடைப்போவியம் படமாகும், அதற்கு முன் அது காகிதத்தில் சில மேடுகள். பழங்களைப் பருமன் வாரியாகப் பிரிக்கும் தோட்ட வேலை, முன்பள்ளிக் கல்வியில் நாம் ‘வகைப்படுத்தல்’, ‘வரிசைப்படுத்தல்’ என்று பெயரிட்டுக் கற்பிப்பதேதான். பெற்றோர் தோட்டக் கூலிகளாக இருப்பின் பிள்ளையை வீட்டில் பூட்டிவைக்காமல் உடனழைத்துச் செல்லச் சொல்வதும் ஒரு சேவையே.

பழனி மலை இதற்கு எதிர்ப்பக்கம்: கைக்கு அடங்காத பெருமை. ஆனால் கால் அறியும். 693 எனச் சொல்லப்படும் படிகளை ஏறி இறங்கிய குழந்தைக்கு மலை என்பது உயரம், காற்று, மூச்சிரைப்பு, வளைவு ஆகியவற்றின் தொடர். அதன் பின் களிமண்ணில் ஒரு மலையைப் பிசைந்து கையில் தந்தால், ஏறியதும் தொட்டதும் ஒன்றென்று பொருத்திக்கொள்ளும்.

6. நடு நிலை: வாசிப்பு ஊடகத்தைத் தீர்மானித்தல்

ஐந்து வயதையொட்டி எடுக்கப்பட வேண்டிய முடிவு இது. இதற்கெனக் கற்றல் ஊடக மதிப்பீடு என்னும் முறையைக் கோனிக், ஹோல்புரூக் ஆகிய இருவர் 1990களில் வகுத்தனர். குழந்தை புதிய பொருளை அணுகுகையில் முதலில் எந்தப் புலனைப் பயன்படுத்துகிறது, எந்தத் தொலைவில் படத்தைக் காண்கிறது, எவ்வளவு நேரத்தில் களைக்கிறது, நோய் முற்றுமா என்பவற்றைப் பல நாள் கவனித்து முடிவுக்கு வருவது அதன் சாரம். ஒரு நாள் முகாமில் இது ஆகாது.

எஞ்சுபார்வை வாசகர் குறித்து ஒரு பழைய அச்சத்தை முதலில் நீக்க வேண்டும். பார்வையைப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்று கருதி, ‘கண்ணைச் சேமிக்கும்’ வகுப்புகள் மேலைநாடுகளில் நடத்தப்பட்டன. நட்டாலி பரகா 1964இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சியால் குறைபார்வைக் குழந்தைகள் பார்வையைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது என்று காட்டிற்று. கூர்மை மாறுவதில்லை, பயன்பாடு மாறுகிறது. ‘கண்ணுக்கு வேலை கொடுக்காதே’ என்று இன்றும் வீடுகளில் சொல்லப்படுவதைக் கேட்கிறோம். சாய்வான வாசிப்புப் பலகை, தடித்த கோடிட்ட ஏடு, கருமை மை, தக்க பெருக்காடி: இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது.

தொடுவாசகருக்கு வருவோம். பிரெய்ல், ஆறு புள்ளிகளைக் கொண்ட கட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழுக்கு அது பொருந்தும் விதம் தனியே கருதத்தக்கது. அச்சில் ‘கெ’ என்பதன் உயிர்க்குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் இருபுறமும் நிற்கிறது. பிரெய்லிலோ மெய் முன்னும் உயிர் பின்னுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்து அமைகிறது: க என்பதன் 1-3, அடுத்து ஒ என்பதன் 1-3-4-6. உயிர்மெய்யின் கூட்டிலக்கணத்தைத் தொடுவாசகர் விரலால் அறிகிறார். புள்ளி மட்டும் மாறி நிற்கிறது. அச்சில் மெய்யின் தலைமேல் இருப்பது, பிரெய்லில் 4ஆம் புள்ளியாக மெய்க்கு முன் வந்து, ‘அடுத்து வருவது உயிரற்றது’ என்று முன்னறிவிக்கிறது. ‘அம்மா’ என்பதற்கு ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ.

எழுதுவது வேறு சிக்கல். சட்டத்தில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்துகையில் மேடு மறுபக்கம் எழும். ஆகவே வலமிருந்து இடமாக, ஒவ்வொரு கட்டத்தையும் இடவல மாற்றிக் குத்த வேண்டும். இதில் தமிழ்க் குழந்தை சறுக்கும் இடங்களை ஆசிரியர் முன்னறிந்திருக்க வேண்டும். ழ என்பது 1-2-3-5-6. ட என்பது 2-3-4-5-6. இரண்டும் ஒன்றன் கண்ணாடி நிழல் மற்றொன்று. திசை தவறிய குழந்தை ‘பழம்’ என்று நினைத்துக் குத்தியது ‘படம்’ என்று வாசிக்கப்படும். இ என்பதும் ஏ என்பதும் அவ்வாறே. இப்பிழையை அறிவுக்குறைவாகக் கொள்ளும் ஆசிரியருக்கும் திசைப்பிழையாகக் கண்டு திருத்தும் ஆசிரியருக்கும் இடையிலுள்ள தூரமே சிறப்புக் கல்வி.

இனி, கைபேசி இருக்கையில் பிரெய்ல் எதற்கு என்னும் கேள்வி. ஒலிநூலும் திரைவாசிப்பானும் பெருவரம்; என்விடிஏ போன்ற மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது; ஒருங்குறித் தமிழை அது வாசிக்கிறது. ஆயினும் செவி எழுத்தைத் தருவதில்லை, சொல்லைத் தருகிறது. தமிழில் இவ்வேறுபாடு பெரிது. ந, ன இரண்டும் காதுக்கு ஒன்று. ர, ற இரண்டும் பெரும்பாலான வட்டாரப் பேச்சில் ஒன்றாகிவிட்டன. மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரத்தில் கரைகிறது. கேட்டே வளர்ந்த குழந்தை ‘கரி’, ‘கறி’ என்னும் இரண்டையும் இடம் நோக்கிப் புரிந்துகொள்ளும். எழுதச் சொன்னால் தயங்கும். பிரெய்லிலோ ந 1-3-4-5, ன 5-6, ண 3-4-5-6. ர 1-2-3-5, ற 1-2-4-5-6. ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று வடிவம். விரலுக்கு இவை ஒருபோதும் ஒன்றல்ல. ஒற்று மிகுவதும் மிகாமையும், பத்தி எங்கே முடிகிறது என்பதும், மேற்கோள் எங்கே தொடங்குகிறது என்பதும் கையால் வாசிப்பவர்க்கே எழுத்தாகத் தெரியும். செவிவழிக் கற்றலை நாம் தனி வகையாகக் கொள்ளாததற்குக் காரணம் இதுவே. அது மூவகை வாசகருக்கும் துணை. அதையே முதலாக்கினால் கல்லூரி வரை சென்றும் தன் பெயரைத் தவிர வேறொன்றைப் பிழையின்றி எழுத இயலாத நிலை நேரும்.

2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் படங்கள், அட்டைகள், செயல்தாள்கள் வழியே கற்பிக்கிறது. பார்வையுள்ள குழந்தைக்கு நல்ல முறை. பார்வையற்ற குழந்தைக்கு அதே வகுப்பில், அதே நாளில், அதே எழுத்துக்கான தொடுபொருள் வேண்டும். பிரெய்ல் பாடநூல் பல தொகுதிகளாக விரியும் பருமனுடையது. அச்சிட்டு அனுப்புவதில் காலந்தாழ்வு நேர்ந்தால் குழந்தை ஒரு பருவத்தையே இழக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு நூலை எதிர்பார்த்திராமல், அன்றைய பாடத்தை அன்றே குத்தித் தரக்கூடிய ஒருவர் அருகிலிருப்பது நூலினும் இன்றியமையாதது.

7. நடமாட்டமும் கணக்கும்

தான் எங்கிருக்கிறோம் என அறிதல் நோக்குநிலை. அங்கிருந்து வேண்டிய இடத்துக்குத் தீங்கின்றிச் செல்லுதல் நடமாட்டம். இப்பயிற்சியில் இரண்டு கலைச்சொற்கள் அடிப்படை. எப்போதும் மாறாது ஓரிடத்தில் இருப்பது நிலைக்குறி. சில வேளை மட்டும் இருந்து வழிகாட்டுவது தடயக்குறி. ஆயக்குடிக் கொய்யாச் சந்தையின் மணம் வலிய வழிகாட்டி. ஆயினும் அது தடயக்குறியே, சந்தை கூடாத வேளையில் மறைந்துவிடும். சாலையோரப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் நிலைக்குறி. தடயத்தை நிலையாக எண்ணி வழி பழகிய குழந்தை ஒரு நாள் நடுச்சாலையில் நிற்கும்.

தை மாதம் இதற்குத் தேர்வு வைக்கும். தைப்பூசத்துக்கு முன்னான நாட்களில் பாதயாத்திரைக் கூட்டம் இச்சாலை வழியே பழனிக்குப் போகும். காவடியும் பாட்டும் ஒலிபெருக்கியும் பேருந்தின் ஓசையை மூடிவிடும். பந்தல்கள் பழகிய ஓரங்களை அடைத்துக்கொள்ளும். அந்நாட்களில் குழந்தையை வீட்டில் இருத்திவைப்பது பாதுகாப்பு. ஆசிரியரோடு வெள்ளைக்கோலைப் பிடித்துக் கூட்டத்தில் நடக்கவைப்பது கல்வி. உடலின் முன்னே தரையைத் தடவிச் செல்லும் நீள்கோல் முறை, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக ரிச்சர்டு ஹூவர் வகுத்தது. வளர்ந்தோருக்கென எழுந்த அம்முறை பள்ளிப் பருவத்துக்கு முன்னரே தொடங்கத்தக்கது என்பது இன்று பொதுக்கருத்து.

கணக்கு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். மணிச்சட்டமும் டெய்லர் சட்டமும் கணக்கீட்டுக்குப் போதும். வடிவியலுக்கு மேடெழுப்பும் தகடு வேண்டும். பார்வையற்றோருக்குக் கணக்கு வராது என்று மேல்வகுப்பில் விலக்கு அளிப்பது வழக்கமாகிவிட்டது. விலக்கு ஒரு சலுகை. கேளாமலே திணிக்கப்படும்போது அது கதவடைப்பு.

8. மேல் நிலை: தேர்வும் பணியும்

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியன உண்டு. அரசுப் பணியில் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பார்வைக் குறைபாடு உடையோர்க்கு 1 விழுக்காடு. ஆயக்குடியில் வாரயிறுதிகளில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்றுவிக்கும் மரத்தடி மையம் தமிழகம் எங்கும் அறியப்பட்டது. விரிவுரையைக் கேட்டுக் கற்கும் அம்முறை பார்வையற்ற தேர்வருக்கு இயல்பாகவே ஒத்துவருவது. கொள்குறி வினாவுக்கு விடை சொல்லச் செவியறிவு போதும். விரித்தெழுதும் தாளில்தான் 6ஆம் பகுதியின் வாதம் திரும்ப வருகிறது. எழுதுபவர் ஒற்றை விட்டால் மதிப்பெண் இழப்பவர் சொல்பவர். தாம் சொல்லும் வாக்கியத்தின் எழுத்துருவை அறிந்தவரே ‘இங்கே ற போடுங்கள்’ என்று சொல்ல முடியும். பதினைந்து ஆண்டுக்கு முன் ஐந்து வயதில் எடுக்கப்பட்ட, அல்லது எடுக்கப்படாத முடிவு தேர்வறையில் வெளிப்படுகிறது.

9. ஆசிரியரின் நேரம்

சேவை என்று இதுவரை சொன்னவை யாவும் இறுதியில் ஒரு பயிற்றுநரின் வாராந்தர நேரமாகவே அளக்கப்படும். இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம், 1992, தகுதி பெற்றுப் பதிவு செய்தவரே சிறப்பாசிரியராகப் பணியாற்ற வேண்டும் என்றது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15க்கு ஒருவர் என்னும் விகிதத்தைச் சுட்டியது. விகிதம் நிறைவேறினாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். ஒரு வட்டாரத்தின் பயிற்றுநர் எல்லா வகைக் குறைபாடுடைய குழந்தைகளையும் பார்க்க வேண்டியவர். அவர் பயின்ற துறை செவித்திறனாகவோ அறிவுத்திறனாகவோ இருக்கக்கூடும். பார்வைக் குறைபாட்டுத் துறை பயின்றவராகவே இருப்பினும், பள்ளிக்குப் பள்ளி செல்பவர் ஒரு குழந்தைக்கு வாரத்தில் ஒரு வேளை ஒதுக்குவதே கடினம்.

வாரம் ஒரு வேளை என்பது மேல்வகுப்பு மாணவருக்குப் போதும். பிரெய்லைத் தொடங்கும் குழந்தைக்கு அது போதவே போதாது. விரலின் நுண்ணுணர்வு நாள்தோறும் பழகினால் வளரும், இடைவெளி விட்டால் மழுங்கும். ஆகவே நேரத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் சமமாகப் பங்கிடும் இன்றைய முறையை மாற்ற வேண்டும் என்பது நம் கருத்து. தொடுவாசகர் எனத் தீர்மானிக்கப்பட்ட குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டு நாள்தோறும் ஒரு மணி நேரம். அதன் பின் வாரம் இரு முறை. எட்டாம் வகுப்புக்குப் பின் கேட்டபோது மட்டும். முதல் இரண்டு ஆண்டின் அன்றாட நேரத்தைத் துறை பயின்றவரே தர இயலாத இடங்களில், அக்குழந்தையின் வகுப்பாசிரியருக்குத் தமிழ்ப் பிரெய்லின் எழுத்துவரிசையைக் கற்பிக்கலாம். அவர் கண்ணால் வாசித்தால் போதும், விரலால் வாசிக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் சில வாரத்தில் கைவரும். பழனி ஒன்றியத்தில் அத்தகைய குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டிருப்பின், பேருந்து வசதியுள்ள ஒரு தொடக்கப் பள்ளியைத் தொகுப்புப் பள்ளியாகக் கொண்டு, அவர்களை அங்கே சேர்த்து, துறை பயின்ற பயிற்றுநர் ஒருவரை முற்பகல் முழுதும் அங்கேயே இருத்தலாம். மாலையில் குழந்தை வீடு திரும்பும். உறைவிடப் பள்ளி தாயிடம் கேட்கும் விலை இங்கே தேவைப்படாது. இதற்குச் சட்டத் திருத்தமோ புதுத் திட்டமோ வேண்டியதில்லை, வட்டார வள மையத்தின் பயணக் கால அட்டவணையைத் திருத்தி எழுதினால் போதும்.